யாருக்குக் கீழ்ப்படிவது? ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டரும் சிலுவையின் பொருளும்

1943 மார்ச் 2ஆம் தேதி, ஆஸ்திரியாவின் என்ஸ் நகரப் படைமுகாமில் 35 வயது விவசாயி ஒருவர், ஹிட்லரின் படையில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அதிகாரிகளிடம் சொன்னார். அவர் பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஊரில் அவருக்கு ஒரு பண்ணையும் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் வயதான தாயும் இருந்தார்கள். அவருக்குப் பின்னால் எந்த இயக்கமும் இல்லை. ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 9ஆம் தேதி மாலை 4 மணிக்கு, பிராண்டன்பர்க் சிறையில் கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது.

இதைத் தியாகம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று கீழ்ப்படியாமை என்றுதான் சொன்னார்கள். பங்குத்தந்தை, ஆயர், பெற்ற தாய், ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: அழைப்பு வந்தால் போ, அதிகாரத்துக்குப் பணி, குடும்பத்தைக் காப்பாற்று. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கிறிஸ்தவ மரபில் கீழ்ப்படிதல் பெரிய புண்ணியம், துன்பத்தைப் பொறுமையோடு ஏற்பது அதற்கு இணையான புண்ணியம். இரண்டையும் சேர்த்துத்தான் அவரிடம் கேட்டார்கள். படைக்குப் போயிருந்தாலும் அவர் துன்பப்பட்டிருப்பார். ஒருவேளை ரஷ்யப் பனியில் செத்திருப்பார். அந்தச் சாவை ஊரும் கோயிலும் மரியாதையோடு நினைவுகூர்ந்திருக்கும்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் துன்பத்துக்குத் தானாக எந்த மதிப்பும் கிடையாது. யாருக்கு என்று கேட்காத கீழ்ப்படிதலுக்கும் கிடையாது. இந்த உண்மையை இறையியல் நூல்கள் பல சொல்கின்றன. ஆனால் அதிகம் படிக்காத இந்த விவசாயியின் கடைசி ஐந்தாண்டுகள் அளவுக்கு அதைத் தெளிவாகக் காட்டியவை குறைவு என்பது என் எண்ணம்.

அவர் பிறவிப் புனிதர் இல்லை. 1907 மே 20ஆம் தேதி, பவேரியாவின் எல்லையை ஒட்டிய சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில், மணமாகாத வேலைக்காரப் பெண் ஒருவருக்குப் பிறந்தார். ஹிட்லர் பிறந்த பிரவுனவ் நகரம் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சொந்தத் தகப்பன் முதல் உலகப்போரில் இறந்துபோனார். பிறகு தாயை மணந்த யேகர்ஷ்டெட்டர் என்ற பண்ணைக்காரர் சிறுவனைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார். இளைஞனான ஃபிரான்ஸ் இரும்புச் சுரங்கத்தில் சில ஆண்டு வேலை செய்துவிட்டு மோட்டார் சைக்கிளோடு ஊருக்குத் திரும்பினார். அந்த ஊருக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள் அதுதான். திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனும் ஆனார். 1936இல், பெரிய வியாழனன்று, ஃபிரான்சிஸ்காவை மணந்தார். தேனிலவுக்கு இருவரும் ரோமுக்குப் போனார்கள். அந்த வட்டாரத்தில் அது யாரும் செய்யாத காரியம். அவர் நம்பிக்கை ஆழப்பட்டது இந்தத் திருமணத்தில்தான். இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள், சேர்ந்து வேதம் வாசித்தார்கள்.

1938 மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. மார்ச் 18ஆம் தேதி, கர்தினால் இன்னிட்சர் தலைமையில் ஆஸ்திரிய ஆயர்கள், ஜெர்மனியோடு இணைவதற்கு ஆதரவாக வாக்களிப்பது கடமை என்ற பொருளில் அறிக்கை கொடுத்தார்கள். ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. சங்க்ட் ராடெகுண்டில் ‘இல்லை’ என்று வாக்களித்தவர் யேகர்ஷ்டெட்டர் ஒருவரே. ஊர் அதிகாரிகள் அந்த ஒரு வாக்கை மறைத்து, ஊரே ஒருமனதாக ஆதரித்ததாக மேலே எழுதி அனுப்பினார்கள்.

எதிர்ப்பு அவரிடம் ஒரே நாளில் முழு உருவம் எடுத்துவிடவில்லை. 1940 ஜூனில் முதல் அழைப்பு வந்தபோது போனார். படைக்குரிய உறுதிமொழியையும் எடுத்தார். அந்த அக்டோபரில் மறுபடி அழைத்தார்கள்; என்ஸ் முகாமில் வாகன ஓட்டியாகப் பயிற்சி பெற்றார். முகாமில் இருந்தபடியே பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். பண்ணைக்கு அவர் தேவை என்று ஊர்த் தலைவர் எழுதிக் கொடுத்ததால் 1941 ஏப்ரலில் வீடு திரும்ப முடிந்தது. திரும்பும்போது, இனி போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். படை வாழ்க்கையை உள்ளிருந்தே பார்த்துவிட்டார். இப்ஸ் மனநல மருத்துவமனையின் நோயாளிகள் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தியும் அந்த நாட்களில் அவர் காதுக்கு எட்டியது. ஊருக்கு வந்ததும் கோயில்பிள்ளையாக வேலை ஏற்றார்: மணி அடிப்பது, பீடம் ஒழுங்கு செய்வது, அடக்கச் சடங்குகளுக்கு உதவுவது. நாஜி அரசு கொடுத்த குழந்தைகளுக்கான உதவித்தொகையை வாங்க மறுத்தார். ஆலங்கட்டி மழையில் பயிர் போனபோது கொடுத்த நிவாரணத்தையும் மறுத்தார். பணமில்லாத வீட்டில் இதன் சுமை யார் மேல் விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எபிரேயர் நிருபத்தில் திடுக்கிட வைக்கும் ஒரு கருத்து உண்டு: மகனாய் இருந்தும் இயேசு, தாம் பட்ட துன்பங்கள் வழியே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்பது. கடவுளின் மகனுக்கே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், கீழ்ப்படிதல் கட்டளை கேட்டதும் அசையும் உடற்பயிற்சி ஆக முடியாது. அது காலம் எடுக்கும், தடுமாறும், இரவில் தூக்கம் கெடுக்கும். யேகர்ஷ்டெட்டர் உறுதிமொழி எடுத்த 1940ஆம் ஆண்டுக்கும் மறுத்த 1943ஆம் ஆண்டுக்கும் நடுவில் நடந்ததும் அந்தக் கற்றல்தான்.

கெத்சமனி தோட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இயேசு அங்கே சாவை ஆசையோடு தேடவில்லை. அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்று தந்தையிடம் மன்றாடுகிறார். சீடர்கள் தூங்கிவிட்டதில் வருத்தப்படுகிறார். வலியை வரவேற்கிற யாரும் அப்படி ஜெபிப்பதில்லை. அந்த மன்றாட்டுக்குப் பிறகே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மை ஒப்படைக்கிறார். நம் தவக்காலப் பிரசங்கங்கள் பலவும் அந்த ஒப்படைப்புக்கு நேராக ஓடிவிடுகின்றன. மன்றாட்டைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

ஆதித் திருச்சபை அப்படிக் குதிக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகர ஆயர் பொலிகார்ப்பின் சாவை விவரித்து அந்தச் சபையார் எழுதிய கடிதத்தில் குவிந்துஸ் என்ற பிரிகியா நாட்டு ஆள் வருகிறார். அவர் தாமாகவே முன்வந்து தம்மை ஒப்படைத்தார், பிறரையும் தூண்டினார். விலங்குகளைக் கண்டதும் பயந்து, ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டார். இப்படித் தாமே போய் மாட்டிக்கொள்கிறவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்ற கருத்தைக் கடிதம் வெளிப்படையாகச் சொல்கிறது. மறைசாட்சியாக மாண்ட பொலிகார்ப்போ முதலில் ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் ஒளிந்திருந்தவர். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 250இல் துன்புறுத்தல் தொடங்கியபோது தலைமறைவாகப் போனார். எட்டு ஆண்டு கழித்துத் தலை கொடுத்தார். இருவரையும் கோழை என்று திருச்சபை சொல்லவில்லை. புனிதர் என்றது.

இந்த உணர்வுக்கு ஒரு தர்க்க வடிவம் கொடுத்தவர் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம். 1098இல் முடித்த தன் நூலில், கடவுள் ஏன் மனிதனானார் என்று ஆராய்கிறார். அதில் அவர் காட்டும் ஒரு வேறுபாடு முக்கியமானது. தந்தை மகனைப் பார்த்து ‘நீ சாக வேண்டும்’ என்று கட்டளையிடவில்லை. கட்டளை நீதியில் நிலைத்திருப்பதற்கு. அந்த நீதியை மகன் விடாமல் பற்றியிருந்தார். அதனால் உலகம் அவரைக் கொன்றது. சாவு கீழ்ப்படிதலின் இலக்காக இருக்கவில்லை, அதன் விளைவாக வந்து சேர்ந்தது. அன்செல்மின் மீட்புக் கோட்பாட்டின் மற்ற பகுதிகளில் எனக்குத் தயக்கங்கள் உண்டு. நிலவுடைமைச் சமூகத்தின் மானம், கடன் ஆகிய கருத்துகள் அதில் மிகவும் ஏறியிருக்கின்றன. ஆனால் இந்த ஒரு புள்ளியில் அவர் சொல்வது உறுதியானது. கிறிஸ்தவத் தியாகம் பற்றிய எந்தப் பேச்சையும் இந்த அளவுகோலால் அளக்கலாம்: இங்கே கேட்கப்படுவது நீதியா, வலியா?

யேகர்ஷ்டெட்டர் தன் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு லின்ஸ் நகருக்குப் போய் ஆயர் ஃப்ளீசரைச் சந்தித்தார். அநியாயமான போரில் கொள்ளைக்கும் கொலைக்கும் துணைபோவது எப்படிப் பாவமாகாமல் இருக்கும் என்பதே அந்தக் கேள்விகளின் சாரம். ஆயர் தந்த பதில் வழக்கமானது: போர் நியாயமா என்று தீர்மானிப்பது ஒரு தனிக் குடிமகனின் பொறுப்பு இல்லை, உன் பொறுப்பு உன் குடும்பம். உள்ளே போகாமல் வெளியே காத்திருந்த ஃபிரான்சிஸ்கா, அவர் மிகவும் சோர்ந்துபோய் வந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆயர்களுக்கும் பயம் இருக்கிறது என்றே யேகர்ஷ்டெட்டருக்குத் தோன்றியது.

ஆயர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். உளவு பார்க்க வந்த ஆளாக இருக்குமோ என்ற சந்தேகம் அந்த நாட்களில் இயல்பு. சங்க்ட் ராடெகுண்டின் முந்தைய பங்குத்தந்தை காரோபாத், ஒரு மறையுரைக்காகவே கைது செய்யப்பட்டு ஊரைவிட்டு அனுப்பப்பட்டிருந்தார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம், ஆளும் அதிகாரத்துக்குப் பணிய வேண்டும் என்று போதிப்பதாகவே நூற்றாண்டுகளாக ஓதப்பட்டு வந்தது. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தலைமைச் சங்கத்தின் முன் நின்று பேதுரு சொன்னதும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. அதை எப்போது, யார் எடுத்துப் பயன்படுத்துவது என்பதுதான் தெளிவாக்கப்படவில்லை. ஒரு கோயில்பிள்ளை அதை எடுத்துப் பயன்படுத்துவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

1943 பிப்ரவரியில் மூன்றாவது அழைப்பு வந்தது. மார்ச்சில் மறுத்து லின்ஸ் சிறைக்கும், மே 4ஆம் தேதி பெர்லினின் தேகல் சிறைக்கும் போனார். அதே தேகலில், ஏப்ரல் முதல், லூத்தரன் இறையியலாளர் டீட்ரிஷ் பான்ஹோஃபரும் அடைபட்டிருந்தார். கிறிஸ்துவைப் பின்பற்றுவதன் விலை பற்றி 1937இல் புகழ்பெற்ற நூலை எழுதியவர் அவர். ஒரே கோடையில், ஒரே சிறையில், அந்த விலையைப் பற்றி எழுதியவரும் அதை யாரும் அறியாமல் கொடுக்கவிருந்தவரும் இருந்தார்கள்.

சிறையில் யேகர்ஷ்டெட்டர் ஒரு சமரசத்துக்கு முன்வந்தார். ஆயுதம் தூக்க மாட்டேன், காயம்பட்டவர்களைத் தூக்கும் மருத்துவப் பணிக்கு வருகிறேன் என்றார். ராணுவ நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜூலை 6ஆம் தேதி மரண தண்டனை விதித்தது. அவருடைய கதையில் பலரும் வேகமாகக் கடந்துபோகிற இடம் இது. எனக்கு இதுவே மையம். சாக விரும்புகிற மனிதன் இப்படி ஒரு வழி கேட்க மாட்டான். பாத்திரம் அகலட்டும் என்ற மன்றாட்டு, ஒரு விவசாயியின் வாயில் இந்த வடிவத்தில் வருகிறது. நீதியை விடாமல் உயிரைக் காக்க வழி இருந்தால் அந்த வழியை எடுப்பதும் கீழ்ப்படிதல்தான்.

ஃபிரான்சிஸ்கா சிறைக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். மூன்று பெண் குழந்தைகளும் நிற்கிறார்கள். அப்பா சீக்கிரம் வா என்று எழுதிய பலகை அவர்களோடு இருக்கிறது. மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் மனம் மாறாமல் இருந்தார் என்பதைக் கல்நெஞ்சு என்று சிலர் வாசித்திருக்கிறார்கள். விலங்கிட்ட கைகளோடு எழுதிய கடிதங்கள் வேறு கதை சொல்கின்றன. குழந்தைகளைப் பற்றியும் வயல் வேலை பற்றியும் திரும்பத் திரும்ப விசாரிக்கிறார். தன்னால் வீட்டுக்கு வந்த கஷ்டத்துக்கு மன்னிப்புக் கேட்கிறார். படைக்குப் போன மற்றவர்களை அவர் பழிக்கவும் இல்லை. தனக்குக் கிடைத்த அருள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றே எண்ணினார்.

சிறைக் குருவானவர் ஒருவர், ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவும் ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து ஓராண்டுக்கு முன் இதேபோல் சாவை ஏற்றார் என்று சொன்னபோது யேகர்ஷ்டெட்டருக்குப் பெரிய நிம்மதி. திருச்சபையில் தான் தனியாள் இல்லை என்று முதன்முறையாகத் தெரிந்துகொண்டார். கடைசி நாளில் அவரோடு இருந்த யோக்மன் என்ற குரு தரும் சாட்சியப்படி, மேசை மேல் ஒரு தாள் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் உயிர் பிழைக்கலாம். யேகர்ஷ்டெட்டர் அதை ஒதுக்கி வைத்துவிட்டார். தன் வாழ்நாளில் தான் சந்தித்த ஒரே புனிதர் இவர்தான் என்று அன்று மாலையே யோக்மன் ஆஸ்திரியக் கன்னியர் சிலரிடம் சொன்னார்.

போர் முடிந்த பிறகும் ஆயர் ஃப்ளீசரின் கருத்து மாறவில்லை. யேகர்ஷ்டெட்டரைப் பற்றிய கட்டுரை மறைமாவட்ட இதழில் வருவதைத் தடுத்தார். கடமையை நிறைவேற்றப் போர்முனைக்குப் போய் மாண்ட இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. நியூரம்பர்க் விசாரணைக் கூண்டில் நின்றவர்கள் ‘கட்டளைக்குக் கீழ்ப்படிந்தோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில் அது எழுதப்பட்டது.

அமெரிக்கச் சமூகவியலாளர் கோர்டன் ஸான், ஹிட்லரின் போர்களில் ஜெர்மன் கத்தோலிக்கர் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்தபோது இந்தப் பெயரைத் தற்செயலாகக் கண்டார். அவருடைய நூல் 1964இல் வந்தது. மறு ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் போரும் அமைதியும் விவாதத்துக்கு வந்தன. முன்பு பம்பாயின் பேராயராக இருந்த இயேசு சபையின் தாமஸ் ராபர்ட்ஸ், யேகர்ஷ்டெட்டரை எடுத்துக்காட்டாக அந்தச் சங்கத்தின் முன் வைத்தார். மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் மனிதாபிமானத்தோடு இடம் தர வேண்டும் என்று சங்கத்தின் ஏடு அந்த ஆண்டு பதிவு செய்தது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் மரண தண்டனைத் தீர்ப்பை ரத்துசெய்தது. 2007 அக்டோபர் 26ஆம் தேதி லின்ஸ் பேராலயத்தில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இந்தப் பெருமை எதுவும் ஃபிரான்சிஸ்காவுக்கு உரிய காலத்தில் உதவவில்லை. கணவனின் மனத்தை மாற்ற அவரும் முதலில் முயன்றார். எல்லோரும் எதிர்த்தபோது, நானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இருக்க மாட்டார்கள் என்று உணர்ந்து பக்கத்தில் நின்றார். ஜூலையில் பெர்லினுக்குப் போய் இருபது நிமிடம் பார்த்துவிட்டு வந்தார். கூட வந்த பங்குத்தந்தை, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும்படி அந்த நேரத்திலும் யேகர்ஷ்டெட்டரை வற்புறுத்தினார். பிறகு ஊர் ஃபிரான்சிஸ்காவைத்தான் பழித்தது. பக்தி ஊட்டிக் கணவனைக் கொன்றவள் என்றார்கள். போரில் மாண்டவர்களின் மனைவியருக்குக் கிடைத்த உதவித்தொகை 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. பண்ணையை நடத்தினார், மூன்று பெண்களையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டார், கணவர் பார்த்த கோயில் வேலையையும் செய்தார்.

தன் மனச்சான்றுக்காக மனைவி மக்களைப் பலி கொடுக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்பது இந்த வாழ்க்கை மேல் எழுகிற மிகக் கடினமான கேள்வி. எனக்கு இதற்கு முழு விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும்: அந்த வீட்டை அழித்தது அவருடைய மறுப்பு அல்ல, மறுத்ததற்காகத் தலையை வெட்டிய அரசு. மறுக்காமல் போன ஊர்க்காரர்களிலும் பலர் திரும்பவில்லை. அவர்கள் வீடுகளிலும் விதவைகள் இருந்தார்கள். அந்தச் சாவுகளைப் பார்த்துக் குடும்பத்தைக் கைவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஜெர்மன் இறையியலாளர் டொரத்தே சோல்லெ, நாஜிக் காலத்தின் சாம்பலிலிருந்து இந்தக் கேள்விகளை மறுபடி எழுப்பினார். 1968இல் கீழ்ப்படிதல் பற்றியும் 1973இல் துன்பம் பற்றியும் அவர் எழுதிய நூல்கள், திருச்சபை போற்றி வளர்த்த குருட்டுப் பணிவு எப்படிக் கொலைக்களத்துக்கு ஆள் சேர்த்தது என்றும், வலியைக் கடவுளின் விருப்பமாகக் காட்டும் பக்தி எவ்வளவு கொடியது என்றும் கடுமையாகப் பேசின. கீழ்ப்படிதல் என்ற கருத்தையே விட்டுவிட அவர் தயாராக இருந்தார். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. யேகர்ஷ்டெட்டர் போன்றவர்களிடம் உள்ள மாசற்ற கீழ்ப்படிதலை இழக்க எனக்கு மனமில்லை. ஆனால் சோல்லெயின் எச்சரிக்கையைக் கேட்காமல் அந்தக் கருத்தைக் கையாளவும் கூடாது.

இந்த எச்சரிக்கை நம் சபைகளுக்கும் தேவை. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றி முறையிட வரும் பெண்ணிடம், இது உன் சிலுவை, சுமந்துகொள் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் அந்தச் சிலுவையைச் சுமக்க வேண்டியவர் இல்லை. அன்செல்மின் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். அந்தப் பெண் எந்த நீதியில் நிலைத்திருப்பதால் அடிபடுகிறாள்? அவள் அடிவாங்குவதால் யார் மீட்கப்படுகிறார்? கணவனின் வன்முறைக்குப் பணிவதைக் கடவுளுக்குப் பணிவதாகக் காட்டுவது, ஆயர் ஃப்ளீசர் செய்த அதே பிழை. இடம் மட்டும்தான் படைமுகாமிலிருந்து வீட்டுக்கு மாறியிருக்கிறது. யேகர்ஷ்டெட்டர் தன் சிலுவையைத் தானே எடுத்தார். வேறு எவர் தோளிலும் அதைத் தூக்கி வைக்க அவர் முனையவில்லை. ஃபிரான்சிஸ்காவின் தோளில் விழுந்த பாரத்துக்குக் கடைசிவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகவே, வருகிற தவக்காலத்தில் பாடுகளைப் பற்றிப் பேசப்போகும் குருக்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கெத்சமனியின் மன்றாட்டையும் சேர்த்துப் பிரசங்கியுங்கள். ஆலய வாசலில் உங்களைத் தேடி வருகிற அந்தப் பெண்ணுக்குச் சிலுவையைப் பற்றிச் சொல்லாதீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் வந்த சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 181 என்ற எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும் என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கு அவளோடு நீங்களும் போங்கள்.